வைக்கோலும் வண்டியும்: எரிபொருளில் கவனம் தேவை

தை மாதத்தில் சம்பா அறுவடை தொடங்கியதும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கிராமச் சாலைகள் பாதி களமாக மாறிவிடுகின்றன. நெல் தாள், உளுந்துச் செடி, கேழ்வரகு, எள் ஆகியவற்றைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிகளின் சக்கரத்தைக் கொண்டே மணியைப் பிரித்தெடுப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. களத்துமேடுகள் சுருங்கிப் போனதும், ஆள் கிடைக்காததும் இதற்குக் காரணங்கள். மாட்டு வண்டியும், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் லாரியும் மட்டுமே ஓடிய காலத்தில் இதனால் பெரிய ஆபத்து நேர்ந்ததில்லை. இன்று அதே சாலையில் தரையை ஒட்டியபடி கார்கள் ஓடுகின்றன. மணிலாவும் பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு 'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் பல, செடியைப் பரப்பிய விவசாயிகளின் சொந்த வண்டிகளே.

சாலையில் காயப்போட்ட கொள்ளு, உளுந்துச் செடிகள் காரின் அடிப்பாகத்தில் சுற்றிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த காரே தீப்பற்றி எரிந்த செய்திகள் தமிழ்நாட்டில் வந்ததுண்டு. வண்டி வாங்கும்போது கம்பெனியார் கொடுக்கும் கையேடு நகரத்துச் சாலையை மனதில் கொண்டு எழுதப்பட்டது. வைக்கோல், களத்துத் தூசி, மணிலா மூட்டைக்கு வரும் எலி, உப்புத் தண்ணீர், ஏரி உடைப்பு ஆகியவை அதில் விரிவாக இடம்பெறுவதில்லை. விவசாயியின் வண்டிக்குப் பகையாக அமைவன பெரும்பாலும் இவையே. ஆகையால் வண்டிப் பராமரிப்பை இந்தப் பகைகளின் வழியே பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

அடியில் இருக்கும் சூடு

பெட்ரோல் காரின் புகைக்குழாயில், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஒரு சிறு பெட்டி உண்டு. மெக்கானிக்குகள் இதைக் கன்வர்ட்டர் என்பார்கள். புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றித் தீங்கு குறைந்தவையாக வெளியே விடுவது இதன் வேலை. 1995-ஆம் ஆண்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் நாடு முழுவதும் பரவியது. வண்டி ஓடும்போது இந்தப் பெட்டியின் உள்ளே 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்கும். நன்கு காய்ந்த வைக்கோல் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரியில் கருகிக் கனலத் தொடங்கிவிடும். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும்.

டீசல் வண்டிக்கு இந்தப் பயம் இல்லை என்று எண்ணுவது சரியன்று. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பாரத் 6 நிலை டீசல் கார்கள் பலவற்றில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயிலேயே உள்ளது. அதில் கரி நிறைந்ததும் வண்டி தானாகவே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த நேரத்தில் வடிகட்டியின் உள்ளே வெப்பம் 600 டிகிரி அளவுக்கு உயரும். இது எப்போது நடக்கும் என்பது ஓட்டுபவருக்குப் பல வண்டிகளில் தெரிவதும் இல்லை.

பராமரிப்பில் காட்டும் அலட்சியம் இந்தச் சூட்டை இன்னும் கூட்டுகிறது. ஒரு ஸ்பார்க் பிளக் பழுதாகி, எஞ்சின் ஒரு சிலிண்டரில் விட்டு விட்டு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எரியாத பெட்ரோல் புகையோடு கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பெட்டி 800 டிகிரியையும் தாண்டிச் செக்கச் சிவக்கும். வண்டி இழுவை குறைந்து உதறினாலோ, முன்பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கினாலோ, "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. சில நூறு ரூபாய் பிளக்குக்காகத் தள்ளிப்போட்டுப் பல ஆயிரம் ரூபாய்க் கன்வர்ட்டரை இழப்பது ஒருபுறம். அதே வண்டி களத்தில் வைக்கோல் மேல் நின்றால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே ஓடி வந்த வண்டியை வைக்கோல், மணிலாக் கொடி, காய்ந்த புல், கரும்புச் சோகை ஆகியவற்றின் மேல் நிறுத்துதல் கூடாது. வைக்கோற்போருக்கும் வண்டிக்கும் இடையே குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடியாவது வெற்று நிலம் இருக்கட்டும். சாலையில் செடி பரப்பியிருக்கக் கண்டால், இடம் இருந்தால் விலகிச் செல்ல வேண்டும். மேலே ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் மெதுவாகக் கடந்து, கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, கீழே குனிந்து பார்ப்பது நல்லது. சுற்றியிருக்கும் கொடியை எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு குச்சியால் இழுத்து அகற்றலாம். கையை உள்ளே விடக்கூடாது. கருகிய வாடை வந்தால் மேற்கொண்டு ஓட்டுவது அறிவீனம். ஓட்டத்தில் வீசும் காற்றே கனலை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

செடி பரப்புகிற விவசாயிகளும் இதைக் கருத வேண்டும். அடுத்தவர் கார்தானே என்று நினைத்துப் பரப்பிய உளுந்துச் செடியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனும் ஏறத்தான் செய்யும். பரப்பாமல் இருப்பதே முறை. ஊர்ப் பொதுக் களத்தைச் சீர் செய்யச் சொல்லி ஊராட்சியில் கேட்டுப் பெறுவதும், வாடகைக்குக் கதிரடிக்கும் இயந்திரம் அமர்த்துவதும் கொஞ்சம் செலவோ அலைச்சலோ தந்தாலும் மேலானவை.

எலிக்கும் தீக்கும் உள்ள தொடர்பு

மணிலா மூட்டை அடுக்கிய கொட்டகையிலேயே வண்டியையும் நிறுத்துவது இப்பகுதியில் சாதாரணம். மூட்டையைத் தேடி வரும் எலி, இரவில் சூடாக இருக்கும் எஞ்சின்மேல் வைக்கோலும் சாக்குப் பிசிறும் கொண்டுவந்து கூடு கட்டுகிறது. ஒயரையும் பெட்ரோல் ரப்பர் குழாயையும் கடிக்கிறது. தோல் உரிந்த ஒயரில் பொறி கிளம்பும். கடிபட்ட குழாயில் பெட்ரோல் கசியும். பக்கத்திலேயே வைக்கோல் கூடு. தீப்பிடிக்க வேறொன்றும் வேண்டியதில்லை.

வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில், பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் வாடை வருகிறதா, குழாய்களில் வெடிப்போ ஈரமோ தெரிகிறதா, குழாயை இறுக்கும் கிளிப் தளர்ந்திருக்கிறதா, எண்ணெய்க் கசிவு புகைக்குழாயின் மேல் சொட்டுகிறதா என்று பார்த்தால் போதும். ரப்பர் குழாய் பழையதாகி விரலால் அழுத்தும்போது பிளந்தால் மாற்றிவிட வேண்டும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்பது 2025-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய வண்டிகளின் சில வகை ரப்பர் பாகங்களுக்கு எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய கார் அல்லது மோட்டார் சைக்கிளை இரண்டாம் விலைக்கு வாங்கியவர்கள் இந்தக் குழாய்களையும் வாஷர்களையும் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நலம்.

பேட்டரியையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம். தண்ணீர் ஊற்றும் வகையானால், தகடுகள் மூழ்கி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம் வரை வடிநீர் நிற்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது. பேட்டரியை ஏற்றும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. இருட்டில் தீக்குச்சி கிழித்து அதன் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க முயன்று முகத்தைப் பொசுக்கிக்கொள்பவர்கள் உண்டு. கழற்றும்போது முதலில் கழித்தல் குறியிட்ட ஒயரையும், மாட்டும்போது கடைசியில் அதே ஒயரையும் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி பறக்கும்.

வீட்டில் பெட்ரோல்

கோடையில் டேங்க்கை முழுவதும் நிரப்பினால் வெயிலில் வெடித்துவிடும் என்ற பேச்சு ஆண்டுதோறும் பரவுகிறது. இது ஆதாரமற்றது. ஆவி விரிவதற்கு இடம்விட்டே டேங்க் செய்யப்படுகிறது. பங்க்கில் குழாய் தானாக நின்றதும் மேலும் மேலும் அழுத்தி நிரப்பாமல் இருந்தால் போதும். இந்த வீண் பயத்தைப் பேசுகிறவர்களே வீட்டுச் சமையலறைத் திண்ணையில் இரண்டு லிட்டர் பெட்ரோலைக் குடிதண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்திருப்பார்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவு ஆவியைக் கொடுக்கக்கூடியது. நம்மூர் வெயிலில் அது எந்த நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர்போலத் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பத்தடி தள்ளி எரியும் அடுப்பைத் தொட்டு, வந்த வழியே திரும்பிப் பாட்டிலைத் தேடி வரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே அது தீப்பற்றக்கூடிய கலவையாகிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஒரு சிறிய அறை நிறைய இந்தக் கலவையை உண்டாக்கப் போதுமானது.

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இது குறித்துத் தெளிவாக உள்ளது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அதை இறுக மூடிய கலத்தில்தான் வைக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் கலமானால் ஒரு லிட்டருக்கு மேற்படக்கூடாது. உலோகக் கலமானால் 25 லிட்டருக்கு மேற்படக்கூடாது. வண்டியின் டேங்க்கில் இருப்பது இந்தக் கணக்கில் சேராது. மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயருக்கும் புல்வெட்டும் கருவிக்கும் பெட்ரோல் தேவைப்படுவதால், ஐந்து லிட்டர் இரும்புக் கேன் ஒன்று வாங்கிக்கொள்வது விவசாயிக்கு அவசியச் செலவு. அதில் "பெட்ரோல்" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி, குடியிருக்கும் வீட்டுக்கு வெளியே, நிழலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

பங்க்கில் கேனை நிரப்பும்போது அதை வண்டியின் மேல் வைத்தே பிடிக்கிறார்கள். சரக்கு வண்டியின் அடியில் பிளாஸ்டிக் விரிப்போ ரப்பர் பாயோ இருந்தால், பெட்ரோல் பாயும் வேகத்தில் கேனில் மின்னேற்றம் சேர்ந்து பொறி தட்டக்கூடும். கேனைத் தரையில் இறக்கி வைத்து, குழாய் கேனின் வாயைத் தொட்டிருக்கும்படி நிரப்புவதே சரியான முறை.

மண்ணெண்ணெய் பாட்டிலும் பெட்ரோல் பாட்டிலும் ஒரே மாடத்தில் இருந்தால் என்றாவது ஒருநாள் மாறிப் போகும். மண்ணெண்ணெய் என்று நினைத்துப் பெட்ரோலை விளக்கில் ஊற்றிவிட்டால் பற்றவைக்கும் கையிலேயே வெடிக்கும். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டால், அதைவிடக் கொடுமை. குடித்த பெட்ரோல் வயிற்றில் செய்வதைவிட, இருமலில் நுரையீரலுக்குள் போய்ச் செய்யும் கேடு பெரிது. வாந்தி எடுக்க வைத்தால் இரண்டாம் முறையும் நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டாகும். ஆகையால் உப்புத் தண்ணீரோ வேறெதுவோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், உடனே 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியவர்கள் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் இறக்கும் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கையால் அமுக்கும் சிறு பம்புக் குழாய் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது.

தீப்பிடித்துவிட்டால் முதல் வேலை எஞ்சினை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவது. சாமானை எடுக்கத் திரும்ப ஓடக்கூடாது. பானட்டுக்குள் புகை வந்தால் அதை முழுவதும் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றுப் புகுந்து தீ கிளம்பும். சிறிதளவு இடைவெளி விட்டு அதன் வழியே உலர் பொடித் தீயணைப்பானை அடிக்க வேண்டும். ஒரு கிலோ தீயணைப்பானை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைக்கலாம். களத்தில் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் கைவசம் இருக்கட்டும். எரியும் பெட்ரோலின் மேல் தண்ணீரை வீசினால் பெட்ரோல் மிதந்து தீ பரவும். வைக்கோலுக்கு மட்டும் தண்ணீர் பொருந்தும். தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கேஸ் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. சமையல் சிலிண்டரை வண்டியில் பொருத்துவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்து சான்று பெற வேண்டும்.

டீசலில் நீர்

டீசல், பெட்ரோலைப்போல எளிதில் பற்றாது. நம் நாட்டுத் தரப்படி அதன் தீப்பற்று நிலை 35 டிகிரிக்குக் குறையக்கூடாது. ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 35 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. எனவே டீசல் தானே என்று பீப்பாய்க்குப் பக்கத்தில் பீடி பற்றவைப்பது தவறு. மேற்சொன்ன சட்டத்தின்படி 2,500 லிட்டர் வரை, எந்தக் கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாமல், லைசென்ஸ் இன்றி வைத்திருக்கலாம். சிறு விவசாயிக்கு அந்த அளவு தேவைப்படாது. ஒரு பீப்பாயே அதிகம்.

டீசல் வண்டிக்கு உண்மையான பகை அதில் கலக்கும் நீரும் தூசியும்தான். டீசல் பம்பும் நாசிலும் தலைமயிரைவிட நுண்ணிய இடைவெளியில் வேலை செய்பவை. அவற்றுக்கு மசகு வேறு கிடையாது, டீசலேதான் மசகு. அதில் நீர் கலந்தால் துருவும் தேய்மானமும் சேர்ந்து வரும். பம்பு ரிப்பேர் என்றால் ஒரு போகத்து மணிலா லாபம் அதிலேயே போய்விடும்.

இதைத் தடுக்கச் செலவில்லாத வழிகள் உண்டு. வேலை முடித்து மாலையில் வரும்போதே டேங்க்கை நிரப்பிவிட வேண்டும். டேங்க் காலியாக இருந்தால் இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் துளியாகி டீசலில் இறங்கும். நீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துவிட்டால் நீர் போய்விடும். பீப்பாயில் வாங்கி வைப்பவர்கள் அதை ஒருபக்கம் சற்றுச் சாய்த்து வைத்து, ஒரு நாள் அசையாமல் விட்டு, அடியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு மேல் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியும் பீப்பாயும் டீசலுக்கு ஆகா. டீசல் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் போன்ற பிசுக்கை உண்டாக்கிப் பில்டரை அடைத்துவிடும்.

பில்டர் மாற்றியபின் காற்றை வெளியேற்றுவது பழைய டிராக்டர் வைத்திருந்தவர்களுக்குக் கைவந்த வேலை. அதே துணிச்சலில் புதிய கார், ஜீப்பின் டீசல் குழாய்களைத் தளர்த்தக்கூடாது. இவற்றில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மண்ணெண்ணெய் கலந்த டீசல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பி வாங்க வேண்டாம். மண்ணெண்ணெயில் மசகுத் தன்மை குறைவு. பங்க்கில் சந்தேகம் வந்தால், ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் அளந்து காட்டும்படி கேட்கலாம். 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. பெட்ரோலின் தூய்மையைப் பார்க்கப் பில்டர் பேப்பரும் கேட்கலாம். ஒரு சொட்டு விட்டு, ஆவியானபின் கறை தங்கினால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். அளவில் குறை இருந்தால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

தண்ணீரும் தூசியும்

மரக்காணம் பக்கத்து உப்புத் தண்ணீரையும், வேறு சில ஊர்களின் கடினத் தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றினால், சமையல் பாத்திரத்தில் படிவதுபோலவே உள்ளே சுண்ணாம்பு படியும். எஞ்சின் சூடேறும். கூலன்ட் கலந்த வடிநீரே ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக்கூடாது. மூடி இறுகி இருப்பதால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் தண்ணீர், திறந்ததும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரம் பொறுப்பது நல்லது. கடலோரத்தில் ஓடும் வண்டியின் அடிப்பாகத்தை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் துரு தள்ளிப்போகும்.

கதிரடிக்கும் களத்திலும் செம்மண் சாலையிலும் ஓடும் வண்டியின் ஏர் பில்டரைக் கையேட்டில் சொன்ன காலத்துக்குப் பாதியிலேயே பார்த்துவிட வேண்டும். காகிதப் பில்டரைக் கழுவக்கூடாது. டிராக்டரின் எண்ணெய்த் தொட்டிப் பில்டரில் ஒரு சென்டிமீட்டர் சேறு தங்கினால் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். எஞ்சின் ஆயிலைச் சமதளத்தில், நிறுத்திச் சிறிது நேரம் கழித்து, டிப் ஸ்டிக்கால் பார்க்க வேண்டும். ஆயில் பால்கலந்த காப்பிபோல் இருந்தால் அதில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பிடிக்க வேண்டும். பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒரே நடையில் எல்லா மூட்டையையும் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசையில், பதிவுச் சான்றில் உள்ள பாரத்தைத் தாண்டி ஏற்றி, காற்றுக் குறைந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறுவதே டயர் வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம்.

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டு நின்ற காரில் தூங்குவதும், கிணற்றுக்குள் எஞ்சினை இறக்கி ஓட்டுவதும் இதே ஆபத்துத்தான். கிணற்றில் மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கி விழுவார். கயிறு கட்டாமலும், காற்றோட்டம் உண்டாக்காமலும் இறங்கவே கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்து, டிசம்பர் 2 அன்று விழுப்புரத்தை அடுத்த அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது. இப்படிப்பட்ட வெள்ளம் இனியும் வரக்கூடும். அப்போது ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பங்கு வெள்ளத்தால் வருவது, ஒரு பங்கு வெள்ளம் வடிந்தபின் அவசரத்தால் வருவது.

நீர் வடிந்ததும் சாவியைப் போட்டு "கிளம்புகிறதா பார்ப்போம்" என்று முயல்வதே அந்த அவசரம். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏர் பில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டன் அழுத்த முயலும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அல்லது எஞ்சின் பிளாக்கே உடையும். டீசல் எஞ்சினில் காற்றைப் பதினைந்து மடங்குக்கு மேல் சுருக்குவதால், கொஞ்சம் நீரே இதற்குப் போதும். ஓடும்போது தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனாலும் இதே விதிதான். மறுபடி கிளப்பாமல் ஆட்களைக் கொண்டு தள்ளிவிட வேண்டும்.

மூழ்கிய வண்டியில் முதலில் பேட்டரியின் கழித்தல் ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு ஏர் பில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கையோ நாசிலையோ கழற்றாமல் எஞ்சினைச் சுழற்றக் கூடாது. இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், டேங்க்கில் உள்ள டீசல் எல்லாவற்றையும் வடித்து, பில்டர்களை மாற்றி, புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் ஒருமுறை வடிக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் புகுந்தால் எத்தனால் நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நின்றுவிடும். மேலே உள்ள பெட்ரோலை மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். சக்கர பேரிங்குகளில் கிரீஸை மாற்ற வேண்டும். வடித்த எண்ணெயைக் கிணற்று ஓரத்திலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது. பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

இன்சூரன்ஸ் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருப்பவருக்கு வெள்ள நஷ்டத்திலும் தீ நஷ்டத்திலும் வண்டிக்காக ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும், நீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பியதால் உடைந்தது என்றால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இல்லாதவருக்கு அந்தத் தொகையை மறுத்துவிடுவார்கள். மூழ்கிய நிலையிலேயே, நம்பர் பிளேட்டும் நீர் நின்ற அடையாளமும் தெரியும்படி போட்டோ எடுத்து, வண்டியை நகர்த்துவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். பாலிசிக் காகிதத்தை வண்டிக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் அதன் நகல் ஒன்றை வீட்டுப் பரணில் வைத்துக்கொள்ளலாம்.